இன்று ஒரே விலை

கயிற்றின் ஒரு முனையை, மேசையில் ஒரு மீட்டர் இடைவெளியில் அடித்திருந்த இரண்டு பித்தளை ஆணிகளில் ஒன்றின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு கையால் இழுத்து இழுத்து அளந்துகொண்டிருந்த சின்னவள் பதினேழு என்று சொன்ன நேரத்தில், மாடியில் ஆக்சிஜன் மெஷின் செருமியது. அவள் கை நிற்கவில்லை. காது மட்டும் மாடிக்குப் போய்வந்தது. மெஷின் பழையபடி முனகத் தொடங்கியதும், "பதினெட்டு," என்றாள்.

"பதினேழை ரெண்டு தடவை சொல்லியிருந்தாலும் நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன் பாப்பா," என்றார் எதிர்க்கடைப் பூட்டுக்காரர். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

ஆணியோடு ஒட்டக் கத்தியை வைத்து அறுத்தாள். பூட்டுக்காரர் அறுந்த முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்க அப்பாவா இருந்தா ஆணியைத் தாண்டி ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுவாரு."

"அப்பா காலத்து விலை வேற, மாமா."

"அந்த மனுஷன் நம்ம உயிரை வாங்கித்தான் பேரம் முடிப்பாரு. வாங்குறவன் அழுதுகிட்டே சரின்னதும், சிரிச்சுக்கிட்டு ஒரு சாண் கொசுறு. அந்த ஒரு சாணுக்காக அடுத்த தடவையும் அழ வருவோம்."

"இனிமே கயிறுக்காக வாங்க," என்றாள் அவள். அடுத்த ஆள் தார்ப்பாயைத் தடவிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். கயிறு, சங்கிலி, கொக்கி, தார்ப்பாய், லாந்தர் விற்கிற கடைக்குப் புயல் வருகிறது என்றால் திருவிழாதான். ஆனால் பதினைந்து பேரில் பாதிப் பேர் டிவி பார்க்க வந்தவர்கள். சுவரில் சங்கிலிகளுக்கு நடுவே தொங்கிய அந்தப் பெட்டியில், மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் ஒரு கம்பியைப் பிடித்தபடி சாய்ந்து நின்று, மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் என்று கத்திக்கொண்டிருந்தார். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்துகள் ஓடின. அவர் நின்றது, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், வடக்கே, புயல் கரையேறும் என்று மூன்று நாளாகச் சொல்லப்படும் ஊரில். மஞ்சள் கோட்டுக்காரர் சின்னவளின் அண்ணன்.

"உங்க அண்ணன் நல்லாத்தான் சாய்ஞ்சு நிக்கிறாரு," என்றான் தார்ப்பாய்க்காரன். "பின்னாடி பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அண்ணனுக்குப் பின்னால் ஒரு மதில் சுவர். மதிலின் மேல் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காதுகூட அசையவில்லை.

கடை முழுக்கச் சிரித்தது. பூட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் மரியாதைக்காக இருமினார். "நாய்க்கு யாரும் சேதி சொல்லல போல."

சின்னவளும் சிரித்தாள். அண்ணனைப் பார்த்துச் சிரிப்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. அந்த வீட்டில் பிறந்தவர்கள் எந்த எண்ணைக் கேட்டாலும் பாதியாக்கிவிட்டுத்தான் மண்டைக்குள் விடுவார்கள். அப்பா போட்ட பழக்கம். எதிராளி சொல்கிற விலையில் பாதிதான் சரக்கு, மீதி அவன் ஆசை என்பார். பள்ளிக்கூடத்து வாத்தியார் நூறு வரி எழுதச் சொன்னால் ஐம்பது எழுதிக்கொண்டு போனவள் அவள். அவளுக்கு வந்த வரன்களையும் அப்பாவும் மகளுமாக உட்கார்ந்து பாதி பாதியாகக் குறைத்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. பத்து நாளுக்கு முன் டாக்டர் மாடியிலிருந்து இறங்கிவந்து, "ரெண்டு வாரம் பார்க்கலாம்," என்றபோது, கெட்ட சேதி விற்கிறவரும் கூட்டித்தான் சொல்வார் என்று அதிலும் பாதியைக் கழித்தாள். கெட்டது பாதியானால் நாள் இரட்டிப்பாகும். ஒரு மாதம் என்று எடுத்துக்கொண்டாள்.

"போர்டு மாட்டலியே பாப்பா?" என்றார் பூட்டுக்காரர். கேட்டது சாதாரணமாகத்தான். கடையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா சொல்லல."

"அப்போ பயமில்ல," என்றான் தார்ப்பாய்க்காரன். "இந்தத் தார்ப்பாயில இருபது கொறைங்க."

போர்டு என்பது ஒரு பலகை. கல்லாவுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருக்கும். அதில் 'இன்று ஒரே விலை' என்று அப்பா தன் கையால் எழுதியிருந்தார். நிஜமாகவே புயல் வரும் என்று அவருக்குப் பட்டால் மட்டும் அதை வாசலில் மாட்டுவார். அன்றைக்குப் பேரம் கிடையாது. பயந்துபோனவனிடம் கூட்டி விற்கவும் மாட்டார், நேரத்தைத் தின்கிறவனுக்குக் குறைத்துக் கொடுக்கவும் மாட்டார். முப்பது வருஷத்தில் ஒன்பது தடவை மாட்டினார். ஒன்பது தடவையும் வந்தது. டிவி அதற்குள் எழுபது எண்பது புயல் கொண்டுவந்திருக்கும். அதனால் துறைமுகத் தெருக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, டிவியையும் வேடிக்கைக்குத்தான் பார்த்தார்கள். கயிற்றுக்கடை வாசலைப் பார்த்தார்கள்.

அவர் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்று பல பேர் பல விதமாகச் சொல்வார்கள். முழங்கால் வலி என்பார்கள், கடல் வாடை என்பார்கள். சின்னவள் ஒரு தடவை நேராகவே கேட்டிருக்கிறாள். "விக்கிறவன் வாயைப் பாக்காதே. வாங்குறவன் வாயைப் பாரு," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குக் கல்லாவைப் பூட்டுக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

ஜன்னலோரம் கட்டில். அப்பா தலையணை இரண்டை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். எதிரே சின்ன டிவியில் மகன் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தான். சத்தத்தை நிறுத்தி வைத்தால்தான் அவன் பேசுவது சரியாகப் புரிகிறது என்பார் அப்பா. நர்ஸ் கிண்ணத்தில் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான்கு மாதமாக வருகிறவள். நல்ல பலசாலி, நல்ல வாயாடி. இந்த வீட்டுக்கு அந்த இரண்டும் தேவையாக இருந்தன.

தினமும் நடக்கிற கூத்து ஒன்று உண்டு. நர்ஸ் எட்டு ஸ்பூன் என்று தொடங்குவாள். அப்பா இரண்டு என்பார். அவள் ஏழு. அவர், உன் கிண்ணமே சின்னது, இரண்டரை. இப்படியே போய் நாலில் முடியும். நாலுதான் முடியும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாளும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. மாத்திரைக்கும் அப்படித்தான், ஊசிக்கும் அப்படித்தான். "அந்த ஐயாகிட்ட மூணு மாசம் வேலை பாத்தா சந்தையில கடை போட்டுடலாம்," என்று நர்ஸ் வெளியே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"எட்டு ஸ்பூன், ஐயா," என்றாள் நர்ஸ்.

அப்பா வாயைத் திறந்தார்.

நர்ஸ் ஸ்பூனை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் இரண்டு என்று சொல்லவில்லை. திறந்த வாய் அப்படியே இருந்தது. அவள் ஊட்டினாள். ஒன்று. இரண்டு. ஐந்தாவது ஸ்பூனில் நர்ஸின் கை தயங்கியது. எட்டாவது ஸ்பூனின் பாதி தாடையில் வழிந்தது. நர்ஸ் துடைத்துவிட்டு, இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

நர்ஸ் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் டிவியைப் பார்த்தாள்.

"இன்னிக்கு நல்லா சாப்பிட்டாரே," என்றாள்.

"ம்," என்றாள் நர்ஸ். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அது காலிக் கிண்ணம். அவள் அதைக் கழுவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

சின்னவள் கீழே வந்து சங்கிலி எடை போட்டாள். நல்ல பசி போல, என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான். சொன்னது என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே சங்கிலியை இரண்டு தடவை நிறுத்துப் பார்த்ததில் இரண்டு வேறு எடை வந்தது.

பன்னிரண்டரைக்குக் கசக்கி வந்தாள்.

துறைமுகத்தில் மூன்று படகு வைத்திருந்த அந்த அம்மாளுக்கு வேறு பெயர் இருந்தது. எந்தச் சரக்கானாலும் விற்கிறவனைப் பிழிந்து சக்கையாக்காமல் வாங்கியதில்லை என்பதால், அவள் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவள் கசக்கிதான். அப்பாவும் அவளும் ஒரு நங்கூரக் கயிற்றுக்காக ஒரு முழு மத்தியானம் பேரம் பேசி, இருட்டியதும் மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்த கதையைத் தெருவில் இன்றும் சொல்வார்கள்.

கூட்டம் விலகி வழி விட்டது. வேடிக்கைக்கு ஆசைப்பட்டு எல்லாரும் கிட்டே வந்தார்கள்.

"தடிக்கயிறு, தொண்ணூறு மீட்டர்," என்றாள் கசக்கி. "மூணு துண்டு. அந்தப் பெரிய கொக்கி ஆறு."

சின்னவள் விலையைச் சொன்னாள். பாதிக்கு இறங்க இடம் வைத்துத்தான் சொன்னாள். கசக்கியின் கண்களைப் பார்த்தாள். கசக்கி பையைத் திறந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சீக்கிரம் அள," என்றாள். "ஆளுங்க நிக்கிறாங்க."

 தார்ப்பாய்க்காரன் தார்ப்பாயை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, அதற்கான முழுப் பணத்தையும் எண்ணத் தொடங்கினான்.

அளந்து முடிக்கிற வரைக்கும் சின்னவள் ஒன்றும் யோசிக்கவில்லை. தொண்ணூறையும் சரியாக எண்ணினாள். மிகுதியாக வாங்கிய பணத்தைக் கசக்கியிடம் திருப்பிக் கொடுத்தாள். கசக்கி அதை எண்ணாமலே பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்பா எப்படியிருக்காரு?" என்றாள்.

சின்னவள் வாயைத் திறந்தாள். எட்டு ஸ்பூன் நினைவுக்கு வந்தது. வாங்குறவன் வாயைப் பாரு.

"பலகையை எடுங்க, மாமா," என்றாள் பூட்டுக்காரரிடம்.

"அப்பா சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

அவளே ஸ்டூல் போட்டு ஏறி வாசலில் மாட்டினாள். எழுத்து தெருவைப் பார்க்கத் திரும்பியதும், எதிர்ச்சாரியில் யாரோ இரும்புக் கதவை இறக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் இன்னொன்று. பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போகச் சொல்லி மூன்று நாளாகக் கத்திக்கொண்டு போன ஒலிபெருக்கி வண்டியைத் திரும்பிப் பார்க்காத தெரு, பத்து நிமிஷத்தில் மூட்டை கட்டத் தொடங்கியது. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு யார் என்ன கேட்டாலும் கடையில் ஒரே விலை, ஒரே பதில்.

அந்த வியாபாரம் தொடங்குமுன் அவள் கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் போய் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கிளம்பி வா."

"ஒண்ணரைக்கு லைவ் இருக்கு," என்றான் பெரியவன். பின்னால் காற்று உர்ரென்றது. காற்றா, மைக்கா என்று தெரியவில்லை.

"அப்பாவுக்கு முடியல."

"போன மாசமும் முடியல. எலெக்‌ஷன் நேரத்துல எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தேன். மனுஷன் உக்காந்து ஷேவ் பண்ணிட்டிருந்தாரு. என்னைப் பாத்து, யாருடா செத்துட்டான்னு கேட்டாரு."

"இந்தத் தடவை நிஜமா."

"எந்தத் தடவை நீ பொய்யின்னு சொல்லிக் கூப்பிட்டே? இது நாலாவது. நீ எங்க டிவியைவிட மோசம், சின்னவளே. நாங்களாவது மாசத்துக்கு ஒரு புயல்தான் கொண்டுவர்றோம்."

அவள் பல்லைக் கடித்தாள். மூச்சு இத்தனை, நாடி இத்தனை, நர்ஸ் எழுதிவைத்த எண்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. எதைச் சொன்னாலும் பாதியாக்குவான். அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதான். மூன்று தடவை கூட்டிச் சொல்லி அவனை வரவழைத்தவள் அவள். அவளிடம் இப்போது விற்கிற மாதிரி ஒரு எண்ணும் மிச்சமில்லை.

"காலையில நர்ஸ் எட்டு ஸ்பூன்னு சொன்னாங்க," என்றாள்.

"சரி. எத்தனையில முடிஞ்சுது?"

"எட்டுல."



"கொறைச்சுக் கேக்கவே இல்லியா?"

"வாயைத் திறந்தாரு. அவ்வளவுதான்."

"மாத்திரை?"

"ரெண்டும்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. பிறகு யாரிடமோ, "இந்தா, இதைப் பிடி," என்றான். அது அவளிடம் சொன்னது இல்லை.

"நம்ம ஊர்ப் பாலத்தை மூணு மணிக்கு மூடுறாங்க," என்றாள் அவள்.

"தெரியும். நான்தானே காலையிலேருந்து சொல்லிட்டிருக்கேன்." கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போன் துண்டானது.

ஒன்றரை மணிக்கு அவள் மாடியில் இருந்தபோது டிவியில் மஞ்சள் மழைக்கோட்டு வந்தது. உள்ளே வேறொருவன் இருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கோட்டின் கை அவன் விரல்களையும் தாண்டித் தொங்கியது. மைக் வெளியே தெரிவதற்காகக் கையை உதறி உதறிப் பேசினான். நாயைக் காணோம்.

அப்பா கண்ணைச் சுருக்கினார். "யாரு இது?"

"அண்ணன் கிளம்பிட்டான்பா. இங்க வர்றான்."

"கடையை விட்டுட்டா?"

"ஆமா."

அவர் அந்தப் பையனின் கோட்டுக் கையையே பார்த்தார். "நல்ல வியாபார நாள்," என்றார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "எத்தனை மணிக்கு வருவான்?"

"மூணு."

அவர் உதடு அசைந்தது. சின்னவள் குனிந்தாள். இரண்டரை என்று சொல்வார், சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. தலையை ஆட்டி, அந்த மூன்றை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

"போர்டு?" என்றார்.

"மாட்டிட்டேன்பா."

"யாரு வந்தா?"

"கசக்கி. பேசாம பணத்தை எடுத்து வெச்சா."

அவர் முகத்தில் எதுவோ ஓடியது. சிரிப்பென்று வைத்துக்கொள்ளலாம். "புடிச்சுட்டியே," என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. டிவிப் பையன் ஒரு புள்ளியாகச் சுருங்கினான். மெஷின் நீளமாக ஒரு மூச்சு விட்டு ஓய்ந்தது. நர்ஸ் ஏற்கெனவே சிலிண்டரைக் கட்டில் ஓரம் உருட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தாள். குழாயை மாற்றினாள். ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம் அறையில் பரவியது.

ஒலிபெருக்கி வண்டி வாசலில் நின்று, சிப்பந்தி ஒருவன் மாடிப்படி வரைக்கும் ஏறிவந்தான். "எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வரணும்மா. உத்தரவு."

"அவரைத் தூக்கினா படியிறங்குறதுக்குள்ள போயிடுவாரு," என்றாள் நர்ஸ்.

"நீங்க ரெண்டு பேராவது வாங்க."

"கருங்கல் சுவர் தம்பி," என்றாள் சின்னவள். "எங்க தாத்தா கட்டினது. இதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எங்கேயாவது பாரத்தைக் கட்டணும்னா கீழே கயிறு இருக்கு, எடுத்துட்டுப் போ." அவன் நர்ஸைப் பார்த்தான். "எனக்கு ராத்திரி வரைக்கும் டூட்டி," என்றாள் நர்ஸ். அவள் டூட்டி மூன்று மணியோடு முடிகிறது என்பது அங்கே இரண்டு பேருக்குத் தெரியும்.

இரண்டேமுக்காலுக்கு நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இனிமே எந்த நேரமும்," என்றாள். சின்னவள் அதிலிருந்து எதையும் கழிக்கவில்லை. அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அறுபது வருஷம் கயிறு இழுத்த கை. உள்ளங்கை இன்னும் சொரசொரப்பாகத்தான் இருந்தது. ஜன்னல் சட்டம் தடதடக்கத் தொடங்கியது. மூச்சு வருவதற்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. ஒவ்வொரு தடவையும் அவள், இன்னும் ஒண்ணு, என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

மூன்று மணி ஆனது. மூன்று ஐந்து.

படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறும் சத்தம். பெரியவன் முழங்கால் வரைக்கும் நனைந்து நின்றான். மேலே கோட்டு இல்லை.

"பாலத்துல கடைசி வண்டி நான்தான்," என்றான். "வர்ற வழியில வானிலை ஆபீஸ்லேருந்து போன். மையம் திரும்பிடுச்சாம். வடக்கே இல்ல. இங்கதான்."

"போர்டு மாட்டியாச்சு," என்றாள் அவள்.

"பாத்தேன்."

அவன் கட்டிலின் மறுபக்கம் மண்டியிட்டான். "அப்பா."

கண் திறக்க நேரம் ஆனது. திறந்தது. மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், சரக்கு வந்திறங்கினால் பார்ப்பதைப் போல.

"அங்க..." என்றார். "காத்து எவ்வளவுடா?"

பெரியவன் தங்கையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "நாப்பது, அப்பா."

"டிவியில..."

"நூத்திப்பத்துன்னேன். வரும்னு சொன்னாங்க. மூணு நாளா அங்கேயே ரூம் போட்டு உக்காந்தாச்சு. எதையாவது காட்டணும்ல."

அப்பா கோபப்படவில்லை. தொழில் தெரிந்தவர். "இங்க?"

பெரியவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஒரு தகரம் தெருவை நீளவாக்கில் கடந்து போனது.

"இங்க நூத்திப்பத்து, அப்பா. நிஜமாவே."

பாதியாக்க அவருக்கு நேரம் இருந்தது. அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

"சரி," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு ஏழெட்டு மூச்சு. சின்னவள் எண்ணவில்லை. நர்ஸ் குனிந்து பார்த்தாள், கழுத்தில் விரலை வைத்தாள், எழுந்து போய்ச் சிலிண்டரின் திருகைச் சுழற்றி மூடினாள். ஸ்ஸ் என்ற சத்தம் நின்றது. அதுவரைக்கும் வெளியே இவ்வளவு காற்று அடித்துக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பெரியவனின் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை சின்னவளே எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீங்க அங்கதானே இருக்கீங்க?" டிவி ஆபீஸ் ஆள் போனில் கத்தியது மூன்று பேருக்கும் கேட்டது. "புயல் உங்க தலைக்கு மேல சார். நம்ம ஒரு ஆளுதான் அங்க. போன்லயே லைவ் எடுத்துடலாம். எப்படியிருக்குன்னு சொல்லுங்க, கொஞ்சம் விவரமா."

பெரியவன் அப்பாவின் தாடையில் காய்ந்திருந்த சூப்பை விரலால் துடைத்தான்.

"இங்க காத்து பலமா இருக்கு," என்றான். வழக்கமான கத்தல் இல்லை. "யாரும் வெளிய வராதீங்க. அவ்வளவுதான்."

"சார், இன்னும் கொஞ்சம்..."

"அவ்வளவுதான்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

பிறகு வேலை இருந்தது. ஜன்னல் சட்டம் பிய்ந்துகொள்ளப் பார்த்தது. சின்னவள் கீழே ஓடித் தடிக்கயிற்றில் ஒரு சுருள் கொண்டுவந்தாள். மூவரும் சேர்ந்து ஜன்னலைக் கட்டில் காலோடு கட்டினார்கள். கட்டிலின் பாரம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டது. பெரியவனுக்கு முடிச்சு மறந்துபோயிருந்தது. அவள் அவன் கையிலிருந்து வாங்கித் தானே போட்டாள். "இத்தனை வருஷத்துல இதைக்கூடவா மறப்பே," என்றாள். "நீ போட்டா நான் ஏன் நினைவு வெச்சுக்கணும்," என்றான். நர்ஸ் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "சிரிங்கம்மா," என்றாள் சின்னவள். "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கீழே கடைக்குள் தண்ணீர் வந்தது. ஐந்தாவது படி வரைக்கும் ஏறியது, நின்றது. எதிர்க்கடைக் கூரை போனது. பூட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். தெருவில் ஒருவர்கூட இல்லை.

விடிந்தபோது காற்று ஓய்ந்திருந்தது. பாலம் திறக்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். சவப்பெட்டிக்காரர் முழங்கால் சேற்றில் நடந்துவந்தார். பெட்டி தயாராக இருக்கிறது, குழியை ஆட்கள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். கடை வாசலில் பலகை ஒரு பக்கக் கயிறு அறுந்து சாய்ந்து தொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க கயிறு எல்லாம் தண்ணியில போயிடுச்சு," என்றார் கடைசியில். "இறக்குறதுக்குக் கயிறு வேணும். எட்டு மீட்டர்ல ரெண்டு துண்டு."

"எந்தக் கயிறு?" என்றான் பெரியவன்.

"அவருக்குத் தெரியாத கயிறா. நல்லதா ஒண்ணு குடுங்க."

சின்னவள் மேல் அலமாரியில் நனையாமல் இருந்த சுருளை இறக்கினாள். மேசையின் மேல் படிந்திருந்த சேற்றை முழங்கையால் வழித்தாள். பித்தளை ஆணிகள் இரண்டும் தெரிந்தன. பெரியவன் மறுபக்கம் போய், ஒன்றும் கேட்காமல், முனையை முதல் ஆணியின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான். அவள் இழுத்தாள். ஒன்று, இரண்டு என்று சவப்பெட்டிக்காரருக்குக் கேட்கும்படி எண்ணினாள். எட்டு வந்தது. கத்தியை ஆணியோடு ஒட்ட வைத்தாள்.

கத்தி அங்கேயே நின்றது.

பிறகு அவள் கட்டைவிரலை ஆணியின் மேல் ஊன்றி, சுண்டுவிரலை எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம் நீட்டி வைத்தாள். அந்த விரல் முடிகிற இடத்தில் கயிற்றை அறுத்தாள். இரண்டாவது துண்டுக்குப் பெரியவன் முனையை மறுபடி பிடித்துக்கொண்டான்.